அம்மா குளிப்பாட்டிய கள்ளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா, கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தபடி சொன்னார்.

"உன் செடியைக் குளிப்பாட்டிட்டேன். உடம்பெல்லாம் ஒரே சாம்பல். நீயெல்லாம் செடி வளர்க்கிற லட்சணம்!"

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். அது எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே கள்ளிச் செடி. உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை உருண்டை. உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கும். இப்போது ஒரு பக்கத்தில் அவை இல்லை. அம்மா அழுத்தித் துடைத்திருந்தார். சொட்டைத் தலை மாதிரி பளபளவென்று இருந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்லமுடியாது. உங்களுக்கு நெட்டுக்குப்பம் தெரியுமோ என்னவோ. எண்ணூரில், கொசஸ்தலையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், சுற்றிலும் தொழிற்சாலைகள். நிலக்கரித் தூசும் சாம்பலும் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு யாரும் கூப்பிடாமல் வந்து உட்காரும் விருந்தாளிகள். உலர்த்திய துணியை உதறித்தான் மடிக்கவேண்டும். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் துடைப்பது எங்கள் பெண்களுக்கு அனிச்சைச் செயல்.

அந்தச் செடி எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு பிழை திருத்துநர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'புரூஃப் சார்'. பி.காம். படித்துவிட்டு நிருபராக வந்து சேர்ந்த எனக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர்கள். "வாக்கியம் தப்பாப் போனா வாசகன் சிரிப்பான், விட்டுடுவான். பேரு தப்பாப் போனா ஆளே மாறிடுவான்யா. அடுத்த வாரம் மன்னிப்புப் போடலாம். ஆனா மன்னிப்பை யாரும் படிக்கமாட்டான்" என்பார்.

2023 ஆகஸ்டில், ஓர் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஐந்து சின்னத் தொட்டிகளை என்னிடம் கொடுத்தார். ஐந்திலும் கள்ளிகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை. "அதிகமா எதுவும் செய்யாதே, போதும். நான் வந்து வாங்கிக்கறேன்."

அதிகமாக எதுவும் செய்யாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்தவர் பொருள், வாடிவிடக்கூடாதே என்ற பயம். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை, வெள்ளம், அதைத் தொடர்ந்து முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து எங்கள் ஊர்ப் படகும் வலையும் கறுத்துப்போன கதை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தக் கலவரத்தில் மாடியிலிருந்த தொட்டிகளின் ஞாபகமே வரவில்லை. வந்தபோது நான்கு செடிகள் அழுகிப்போயிருந்தன. தொட்டால் கூழ்.

ஐந்தாவது பிழைத்ததற்குக் காரணம் அம்மா. மழைக்கு முந்தின நாள் அதைக் கீழே எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார். செடி என்று நினைத்து அல்ல. ஏதோ அழகான கல் என்று நினைத்து! கூடவே இருந்த பிளாஸ்டிக் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார்.

ஜனவரியில் சார் இறந்துபோனார்.

கணக்கு என்னவாயிற்று பாருங்கள். செடி இல்லாத நான்கு பெயர்கள். பெயர் இல்லாத ஒரு செடி. பென்சில் எழுத்து மழையில் அழியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த நான்கு பட்டைகளிலும் சாரின் எழுத்து அப்படியே இருந்தது.

அந்த ஐந்தாவதைத்தான் பிப்ரவரியில் அம்மா குளிப்பாட்டிவிட்டார். துடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று உறைத்தது. இது யார் என்று தெரியாமல் இதைக் காப்பாற்ற முடியாது. சார் இருந்திருந்தால் முதலில் பெயரைத்தான் கேட்டிருப்பார்.

கள்ளி என்பது நம் ஊரில் ஒரு பொதுப் பட்டம். முள்ளும் சதையுமாக எது நின்றாலும் கள்ளிதான். உண்மையில் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் ஒரு குடும்பம், யூஃபோர்பியா. கிள்ளினால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. திருகுக்கள்ளிக்கு மலபாரில் வழங்கிய பெயரைத்தான் லின்னேயஸ் 1753இல் அப்படியே 'யூஃபோர்பியா திருக்கள்ளி' என்று வைத்தார். சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். அதுதான் கேக்டஸ். பால் வராது. அது அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. மற்றதெல்லாம் கப்பலேறி வந்தவை.

அப்படி வந்ததில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியின் மேல் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கலாம். அந்த வியாபாரம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. அதை உடைக்கவேண்டும் என்பது திட்டம். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வந்தது அந்தப் பூச்சி அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். சாயம் மட்டம். பூச்சி கள்ளியைத் தின்று தீர்ப்பதில்தான் கெட்டிக்காரனாக இருந்தது. களையைப் பூச்சி வைத்து அழிக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்ததே இந்த ஆள்மாறாட்டத்தில்தான். பெயர் தப்பாகப் போனால் ஆளே மாறிவிடுவான் என்று சார் சும்மா சொல்லவில்லை.

சரி, என் பச்சைக் கல்லுக்கு வருகிறேன்.

முள் கிடையாது. எட்டுப் பிரிவுகளாக, ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் போல இருந்தது. தேடியதில் இரண்டு பேர் சிக்கினார்கள். ஒருவர் தென்னாப்பிரிக்காவின் 'யூஃபோர்பியா ஒபீசா'. 1903இல் பெயர் சூட்டப்பட்டு, அழகாக இருக்கிறதே என்று ஆளாளுக்குப் பிடுங்கிப்போய்க் காட்டில் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார்கள். இன்னொருவர் 'ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ்'. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத் தென்கோடியிலும், எல்லை தாண்டி மெக்சிகோவிலும் மட்டும் இருக்கிற கேக்டஸ். இரண்டுக்கும் முள் இல்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் எட்டுப் பிரிவு. வேறு வேறு கண்டங்களில், வேறு வேறு குடும்பங்களில் பிறந்த இரட்டையர்கள்!

ஊசியால் குத்தினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பால் வந்தால் ஒபீசா. ஊசியை எடுத்துக்கொண்டும் போனேன். மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு பக்கம் சொட்டை. இன்னும் ஒரு காயம் வேறா?

சார் மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பொடி எழுத்துப் பார்ப்பதற்கு வைத்திருப்பார். அவர் போன பிறகு யாரும் கேட்காமல் கிடந்ததை நான் எடுத்து வைத்திருந்தேன். அதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிரிவின் நடுவிலும் மேலிருந்து கீழாக வரிசையாகப் பஞ்சுப் பொட்டுகள். குட்டிக் குட்டித் தலையணை மாதிரி. ஏரியோல் என்பார்கள். முள்ளும் பூவும் புறப்படுகிற இடம். முள் இருக்கிறதோ இல்லையோ, இந்தத் தலையணை இருந்தால்தான் கேக்டஸ். யூஃபோர்பியாவுக்கு இது கிடையாது. அம்மா சாம்பல் என்று துடைத்தது தூசு அல்ல. அத்தனையும் செடியின் மேல்தோலில் முளைத்த நுண்ணிய முடிக்கற்றைகள். போனது போனதுதான், அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. நடுவிலிருந்து புதிதாக வளரும் பகுதியில் மட்டும் வரும்.

ஆஸ்டீரியஸ். நட்சத்திரம் என்று பொருள். அதன் கதையும் ஒரு காணாமல்போன கதைதான். 1840களில் ஐரோப்பாவுக்குப் போய், 1845இல் பெயர் வாங்கியது. பிறகு ஆளையே காணோம். ஆல்பெர்ட்டோ ஃப்ரிச் என்ற செக் நாட்டுக்காரர் 1923இல் மெக்சிகோவில் அதை மறுபடி கண்டுபிடிக்கும்வரை ஏறக்குறைய 80 வருடம் அது வெறும் பெயராகத்தான் இருந்தது. செடி இல்லாத பெயர். படித்தபோது என் மாடியின் நான்கு பட்டைகள் ஞாபகம் வந்தன.

பெயர் தெரிந்ததும் செடிக்கு என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்தது. பாலைவனச் செடி என்றதும் நாம் இரண்டு தப்புச் செய்கிறோம். ஒன்று, சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பது. இது சொந்த ஊரில் புதர் நிழலில் ஒண்டிக்கொண்டு வாழ்கிற ஜீவன். நிழல் தருகிறவர்களில் நம் வேலிக்காத்தானின் சொந்தக்கார மரமும் ஒன்று! நாம் இங்கே வெட்டி ஒழிக்கப் பார்க்கிற மரத்தின் உறவு, அங்கே இதற்குத் தாய்மடி. அதனால் எனக்குக் காலை வெயில் மட்டும். அக்னி நட்சத்திரத்தில் மேலே பாதி நிழல் தரும் பச்சை வலை.

இரண்டாவது தப்பு மண். பக்கத்து வீட்டு அண்ணன் கட்டுமரக் காலத்து மனிதர். நான் செங்கல் உடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கல்லுக்குக் கல்லே ஒடச்சிப் போடுற? நம்ம கடக்கரைல இல்லாத மணலா? ரெண்டு கூடை அள்ளியாந்து தரட்டா?" என்றார்.

"வேணாம்ணே. அது உப்பு."

"ராவணன் மீசையும் அடம்பும் அதுலதான வளருது?"

"அதுங்க நம்ம ஊருப் புள்ளைங்கண்ணே. இது வெளியூரு."

அவருக்குப் புரிந்துவிட்டது. நீங்களும் கடற்கரை மணலை எடுக்காதீர்கள். கழுவிய பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு, கொத்தமல்லி விதை அளவு உடைத்த செங்கல் இரண்டு பங்கு, சலித்த மக்கிய இலையுரம் அரைப் பங்கு. இது என் கலவை. அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி. சென்னையின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி சீக்கிரம் காயும்.

தண்ணீருக்கு ஒரு குச்சி போதும். மெல்லிய மூங்கில் குச்சியை ஓரமாக அடிவரை செருகி எடுங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் நகர்ந்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தலையில் ஊற்றாமல் மண்ணில். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கூரைக்கடியில் வைத்து, தண்ணீரை மறந்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் இது தன்னைச் சுருக்கிக்கொண்டு தட்டையாகி மண்ணோடு படுத்துவிடும். பயப்படாதீர்கள். சொந்த ஊரில் வறட்சி வந்தால் அப்படித்தான் செய்யும். சுருங்கினதை மீட்கலாம். அழுகினதை மீட்கமுடியாது. நான்கைக் கொன்றவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் நடுப்பகலில் உச்சியில் ஒரு மொட்டு விரிந்தது. மஞ்சள் இதழ்கள், அடியில் சிவப்பு. சந்தேகமே இல்லை, ஆஸ்டீரியஸ்தான்.

சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். எனக்கு வேறு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இது அபூர்வச் செடி. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. புலியும் அந்தப் பட்டியலில்தான். இந்தியாவும் 1976 முதல் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கிய செடியை நாடு விட்டு நாடு விற்கக்கூடாது. நர்சரியில் விதை போட்டு வளர்த்ததை உரிய காகிதங்களோடு விற்கலாம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 1,478 கேக்டஸ் இனங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. 2020இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் 844 செடிகள் சொந்த நாட்டுக்குத் திரும்பின. அதை மொட்டை மாடி ஆசாமிகளான நாம் செய்யவில்லைதான். ஆனால் வாங்குகிறவன் இல்லாமல் திருடுகிறவன் இல்லை. இது பி.காம். முதல் வருஷப் பாடம்.

சார் இதை எங்கே வாங்கினார்? காட்டுச் செடியாக இருந்தால்? ஒற்றுப்பிழைக்கே தூக்கம் கெடுகிற மனிதர் இதில் பிழை விட்டிருப்பாரா? இறந்த மனிதரைச் சந்தேகப்படுவது சங்கடமான வேலை. திரும்பக் கேட்கவும் முடியாது.

செடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காட்டில் வருடக்கணக்காக வெயிலும் ஆட்டுக் குளம்பும் பட்ட செடியின் உடம்பில் தழும்பு இருக்கும், அடிப்பகுதி தக்கைபோல் இறுகியிருக்கும். இது சீராக, சுத்தமாக இருந்தது. அம்மா உபயத்தில் வந்த தழும்பைத் தவிர. ஆனாலும் அது சாட்சி ஆகாது.

சில வாரம் கழித்து சாரின் மகள் போன் செய்தார். அப்பாவின் மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது, எல்லாம் செடிப் பெயராக இருக்கிறது, உங்களுக்குப் பயன்படுமா அங்கிள் என்றார். அன்றைக்கே போய் வாங்கி வந்தேன். பஸ்ஸிலேயே புரட்டினேன். பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து. ஒரு பக்கத்தில் இருந்தது: ஆஸ்டீரியஸ், விதை 12, முளைத்தது 3, நிற்பது 1. தேதி, 2016 ஆவணி.

விதை. சார் விதை போட்டு வளர்த்தது. ஏழு வருடம் வளர்த்து, குச்சி செருகிப் பார்த்து, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி வைத்து, பிறகு என்னை நம்பிக் கொடுத்தது. பஸ்ஸில் கண் கலங்கினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். கலங்கினேன்.

அதே பக்கத்தின் கீழே இரண்டு வார்த்தைகள். 'ஜோடி தேடணும்.'

அதற்கு அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்டீரியஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தனியாக இருந்தால் வருடா வருடம் பூக்கும், ஒரு விதைகூட வராது. சாருக்கு ஜோடி கிடைக்கவில்லையோ, தேட நேரம் கிடைக்கவில்லையோ. நான் தேடினேன். விதையிலிருந்து வளர்த்தது என்று சொல்லி விற்கிற ஒருவரிடம், அவருடைய நாற்றுத் தட்டுகளையும் பார்த்துவிட்டு வாங்கினேன். முந்நூற்றைம்பது ரூபாய். நர்சரியில் பெருக்கப் பெருக்க விலை இறங்கும். விலை இறங்க இறங்கக் காட்டுச் செடி பிழைக்கும். மலிவாகக் கிடைப்பதில் இப்படியும் ஒரு புண்ணியம்.

2025 கோடையில் இரண்டும் ஒரே மதியத்தில் பூத்தன. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். காரணம் எழுதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வாட்டர் கலர் பிரஷ்ஷால் இந்தப் பூவையும் அந்தப் பூவையும் மாற்றி மாற்றித் தொட்டேன். ஒரு மாதம் கழித்துப் பஞ்சுக்குள் ஒளிந்திருந்த காயிலிருந்து கறுப்பாக விதைகள் உதிர்ந்தன. கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிழலான வெளிச்சத்தில் வைத்தேன். பெரியவனானதும் தண்ணீரை வெறுக்கிற இந்தச் செடி, குழந்தையாக இருக்கும்போது மட்டும் ஈரத்தை விரும்பும். ஒரு வாரத்துக்குள் கடுகு அளவில் பச்சைப் புள்ளிகள். ஏழு.

அவற்றில் ஒன்றை, கொஞ்சம் தேறியதும், சாரின் மகளிடம் கொடுக்கவேண்டும். பட்டையில் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் நோட்டைப் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன்.

டப்பாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். "இதுங்க எப்போ அந்த மாதிரி ஆகும்?" என்றார்.

"நாலஞ்சு வருஷம் ஆகும்மா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, செடியைத் தொடாமல், தொட்டியின் விளிம்பை மட்டும் மெல்லத் துடைத்தார்.

"இது தூசுதானே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான்.